போனா, ரயிலா, பாஸ்போர்ட்டா? லண்டனில் இருந்துகொண்டு ஐரோப்பாவைப் பிடித்து வைப்பது எப்படி

அம்மா பாரிசில் அக்காவோடு இருக்கிறார். நான் லண்டனில், ஈஸ்ட் ஹாமில். நடுவில் உள்ள கடல் மிக ஒடுங்கிய இடத்தில் 33 கிலோமீட்டர்தான், வானம் வெளித்திருக்கும் நாளில் டோவர் மேட்டில் ஏறி நின்றால் பிரான்ஸ் கரை கண்ணுக்கே தெரியும். இருந்தும் போன வருடம் முழுக்க நான் அம்மாவை நேரில் பார்த்தது இரண்டே தடவை, மிச்சமெல்லாம் போனில். நத்தார் லீவில் அக்கா கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டார்: "நீ இங்க வந்து போறியோ, இல்லாட்டி இப்பிடியே போனில கதைச்சுக் காலத்தைக் கழிக்கப் போறியோ, ஒரு முடிவச் சொல்லு." அந்த முடிவுக்காக ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து எனக்கு முன்னால் உள்ள வழிகளை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். இதே நிலைமையில் கனபேர் இருப்பார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் வந்த தலையிடி இல்லை. ஆபீசில் மதியம் ஒன்றாகச் சாப்பிடும் ஆறு பேரில் நாலு பேருக்கு ஐரோப்பாவில் ஏதோ ஒரு தொடுப்பு இருக்கிறது. ஒருவருக்கு பெர்லினில் மகள், இன்னொருவருக்கு இத்தாலிக்கார மனைவி, மூன்றாமவரின் பெற்றோர் ஸ்பெயினில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கி வைத்திருக்கிறார்கள், நாலாவது நான். 2016 ஜூன் 23ஆம் தேதி 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று வாக்களித்தார்கள், பிரெக்சிட் என்பது இதைத்தான், 2020 டிசம்பர் 31 இரவோடு பழைய ஏற்பாடு முடிந்தது. அதற்கு முதல் ஒரு பிரிட்டிஷ்காரர் பாரிசுக்குப் போய், வேலை ஒன்று எடுத்துக்கொண்டு, பிடித்தால் அங்கேயே இருந்துவிடலாம். இப்போது எல்லையில் எங்களை நிறுத்துவது அமெரிக்கரும் ஆஸ்திரேலியரும் நிற்கும் வரிசையில். நீலப் பாஸ்போர்ட் திரும்பி வருகிறது என்று பெரிதாகக் கொண்டாடினார்கள், அந்தப் புத்தகம் தயாராவது போலந்தில் என்பது வேறு கதை.

சரி, வழிகள். ஒன்று, போனிலும் இணையத்திலுமே உறவை ஓட்டுவது. இரண்டு, அடிக்கடி போய் வருவது. மூன்று, லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு வருடம் ஸ்பெயினிலோ போர்த்துக்கலிலோ போய் இருப்பது. நாலு, எப்படியாவது ஓர் ஐரோப்பியப் பாஸ்போர்ட் எடுப்பது. அம்மாவை இங்கே கூப்பிடுவது என்று ஐந்தாவதும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அக்காவுக்குப் பிரெஞ்சுப் பிரஜாவுரிமை இருக்கிறது, அவர் வருவதற்குப் பிரச்சினையில்லை, 2025 ஏப்ரல் முதல் போனில் ஒரு அனுமதி எடுக்க வேண்டும், 2025இல் அதற்கு 16 பவுண்ட், அடையாள அட்டை செல்லாது, பாஸ்போர்ட்தான் வேண்டும். அம்மாவிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட்டும் பிரெஞ்சு வதிவிட அட்டையும். அவருக்கு முழு விசா வேண்டும், 2025இல் 127 பவுண்ட், கைரேகை, வங்கிக் கணக்கு விபரம், கடிதங்கள், காத்திருப்பு. 74 வயதில் அம்மாவை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனமில்லை. ஆகவே நான்தான் அசைய வேண்டும்.

போன் வழி மலிவு, அதில் சந்தேகமே இல்லை. 1999இல் நான் வந்தபோது கடையில் ஐந்து பவுண்ட் டெலிபோன் கார்டு வாங்கி, பின்பக்கத்தைச் சில்லறைக் காசால் சுரண்டி, கைரேகை ஜோதிடம் மாதிரி நீண்டு போகும் இலக்கத்தை அடித்து, இன்னும் இத்தனை நிமிடம் இருக்கிறது என்று ஒரு பெண்குரல் சொன்னதும் மூச்சு விடாமல் கதைத்த ஆள் நான். பிறகு ஸ்கைப் வந்தது, 2025 மே மாதம் அதையும் மூடிவிட்டார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் அம்மாவோடு ஒரு நாளைக்கு மூன்று தரம் கதைக்கலாம், செலவு ஒன்றுமில்லை, நேர வித்தியாசமும் ஒரு மணிதான். கனடாவில் உள்ள அண்ணாவுக்கு எடுப்பதென்றால்தான் இப்போது அங்கே விடிந்திருக்குமா என்று விரல் மடிக்க வேண்டும்.

ஆனால் அம்மா வீடியோவில் கதைக்கும் விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பச்சைப் பொத்தானை அமத்துவார், போனைக் குசினி மேசையில் மல்லாக்க வைப்பார், பிறகு வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிடுவார். எனக்குத் தெரிவது கூரை. பாரிஸ் புறநகரான லா கூர்னேவில் அக்கா வீட்டுக் குசினிக் கூரையில் விளக்கு மாட்டிய இடத்தில் தொடங்கிச் சுவர் மூலை வரைக்கும் ஒரு வெடிப்பு ஓடுகிறது, நடுவில் ஒரு கிளை பிரியும், ஒரு கோணத்தில் பார்த்தால் யாழ்ப்பாண வரைபடம் மாதிரி. ஐந்து வருடமாக நான் அந்த வெடிப்போடுதான் கதைக்கிறேன். அப்பாவின் திவசம் பற்றிக் கதைத்தது, மகன் பரீட்சை பாஸ் பண்ணியதைச் சொன்னது, எல்லாம் அதற்குத்தான். போன ஆவணியில் நேரில் போனபோது குசினிக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் வேலை மேலே பார்த்தது. போனில் தெரிந்ததைவிட வெடிப்பு சின்னதாக இருந்தது. அம்மாவும்தான்.

இணையத்துக்கு எல்லை இல்லை என்று சொன்னவர்கள் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவில் இருந்து அதைப் பாவித்துப் பார்க்கவில்லை. 2017 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் உங்கள் போன் சொந்த நாட்டு விலையிலேயே வேலை செய்தது. நாங்கள் வெளியே வந்ததும் இங்குள்ள பல கம்பனிகள் நாளுக்கு இவ்வளவு என்று திரும்ப அறவிடத் தொடங்கின, எல்லாக் கம்பனியும் இல்லை, ஆகவே ஒப்பந்தம் போடுவதற்கு முதல் அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. நாலு நாள் பாரிசில் இருந்துவிட்டு வந்தபோது நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கு நாலு நாள் என்று பதினாறு நாளுக்கான காசு பில்லில் ஏறியிருந்தது. இப்போது போகும்போது அந்த ஊர் ஈசிம், அதாவது அட்டை இல்லாத சிம் ஒன்றை லண்டனிலேயே போனில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

படம் பார்க்கும் சந்தாக்களிலும் இதே கதை. பாரிசில் சந்தா கட்டும் அக்கா ஜெர்மனிக்குப் போனால் அதே படங்களைப் பார்க்கலாம், 2018இல் இருந்து அதற்கு ஒரு ஒன்றியச் சட்டம் இருக்கிறது. லண்டனுக்கு வந்தால் அந்தச் சட்டம் அவரோடு வராது. நான் பிபிசி ஐபிளேயரை பாரிசில் திறந்தால் பிரிட்டனில் மட்டும்தான் என்று சொல்லிவிடும். .ஈயு என்று முடியும் இணைய முகவரி வைத்திருந்த பிரிட்டிஷ்காரர்கள் 2021 ஜனவரியில் அதையும் இழந்தார்கள், ஐரோப்பாவில் வசிக்கிறவர்களும் ஐரோப்பியப் பிரஜாவுரிமை உள்ளவர்களும் மட்டும் தப்பினார்கள். இங்கே 2025 ஜூலை 25 முதல் சில தளங்களுக்குள் போவதற்கு வயதை நிரூபிக்க வேண்டும், முகத்தைக் காட்டு, கார்டைக் காட்டு என்று கேட்கிறது, அதனால் ஊரில் பாதிப்பேர், வேறு நாட்டில் இருப்பதுபோல் தளங்களுக்குக் காட்டும் விபிஎன் என்றால் என்ன என்று படித்துவிட்டார்கள்.

பார்சல் கதை இன்னும் மோசம். மருமகளின் பிறந்தநாளுக்கு ஒரு பட்டுப் பாவாடை சட்டை அனுப்பினேன், சுங்கத் தாளில் உள்ளபடி 60 பவுண்ட் என்று எழுதினேன். தனிப்பட்டவர் தனிப்பட்டவருக்கு அனுப்பும் பரிசுக்கு 45 யூரோ வரைதான் வரி இல்லை, அதற்கு மேல் போனால் பிரான்சில் 20 சதவீத வாட் வரி, அதோடு கொண்டுவந்து கொடுத்தவர்களின் கையாளும் கட்டணம் தனி. அக்கா வாசலில் நின்று காசு கட்டிவிட்டு எனக்கு ஒரு குரல் செய்தி போட்டார், அதை இங்கே எழுத முடியாது. அந்தப் பக்கத்தில் இருந்து எங்களுக்கு வருவதற்கு எல்லை இன்னும் கீழே, 39 பவுண்ட்.

அதனால் போன் வழியை ஒதுக்கச் சொல்லவில்லை. அம்மா குளிசை போட்டாரா, அத்தானுக்கு வேலை எப்படி, இதற்கெல்லாம் அதை அடிக்க ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் எப்படி நடக்கிறார், படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறாரா, சாப்பாட்டுக் கோப்பையில் எவ்வளவு மிச்சம் வைக்கிறார் என்பதை அது காட்டாது. நான் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இனிப் போய் வருவது. இதற்கு அடிப்படைச் சட்டம் ஒன்று: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளில், இருக்கக்கூடாது. இதை வருடத்துக்கு இரண்டு தரம் 90 நாள் என்று கனபேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, இது நகரும் கணக்கு. நீங்கள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் அன்றில் இருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணி, அதற்குள் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று பார்ப்பார்கள். போய் இறங்கும் நாளும் ஒரு நாள், புறப்படும் நாளும் ஒரு நாள். ஆபீஸ் நண்பரின் பெற்றோர் ஓய்வு பெற்றவர்கள், முந்தி ஐப்பசியில் ஸ்பெயினுக்குப் போனால் பங்குனியில்தான் திரும்புவார்கள். இப்போது அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு காலண்டர் ஒட்டியிருக்கிறது, ஸ்பெயினில் இருந்த நாளெல்லாம் சிவப்பு வட்டம். சொந்தக் காசில் வாங்கிய வீட்டுக்குள் எத்தனை இரவு படுக்கலாம் என்று எண்ணிக்கொண்டு இருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால் ரோமேனியா, பல்கேரியா, குரோஷியா எல்லாம் இப்போது ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் நாள் முடிந்ததும் எல்லை தாண்டிப் போய் இருக்கும் பழைய உபாயமும் முந்திப் போல் சரிவராது.

ஆனால் என் மாதிரி ஆட்களுக்கு 90 நாள் ஒரு தடையே இல்லை என்பதைப் பேப்பரில் எழுதிப் பார்த்தபோதுதான் கண்டேன். எனக்கு வருடத்துக்கு இருக்கும் லீவே, பொது விடுமுறைகளையும் சேர்த்து 33 நாள். சட்டம் தரும் நாளில் பாதியைக்கூட என் முதலாளி தரமாட்டார். இவ்வளவு காலமும் பிரெக்சிட்டால் போக முடியவில்லை என்று அம்மாவுக்கு நான் சொல்லி வந்ததில் எவ்வளவு உண்மை என்று அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வாசலில் உள்ள சில்லறை விஷயங்களைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் கொடுத்த தேதியில் இருந்து நீங்கள் உள்ளே போகும் நாள் வரை பத்து வருடம் ஆகியிருக்கக்கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும். 2018 செப்டம்பருக்கு முதல் புதுப்பித்தவர்களுக்குப் பழைய புத்தகத்தில் மிச்சம் இருந்த மாதங்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள், அதனால் முடிவுத் தேதி இன்னும் வராத பாஸ்போர்ட்டோடு போய் விமான நிலையத்தில் இருந்தே திரும்பி வந்தவரை எனக்குத் தெரியும். 2025 அக்டோபர் 12இல் தொடங்கி முத்திரை குத்துவதற்குப் பதிலாக நாலு விரல் ரேகையும் முகப்படமும் எடுக்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்தார்கள், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் ரேகை இல்லை. ஒரு தரம் கொடுத்தால் மூன்று வருடத்துக்குப் பதிவில் இருக்கும். இனிமேல் நாள் கணக்கில் பகிடி விட முடியாது, கணினி எண்ணிவிடும். அதற்கு மேல் 2026 கடைசியில் பயண அனுமதி ஒன்று வரும் என்று அறிவித்திருக்கிறார்கள், 20 யூரோ, மூன்று வருடம் செல்லும். அங்கே மருத்துவத்துக்கு உதவ பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தரும் அட்டை இலவசம், அதற்குக் காசு கேட்கும் தளங்களில் மாட்டாதீர்கள்.

எதில் போவது என்பதுதான் வீட்டில் பெரிய வாக்குவாதம். யூரோஸ்டார் ரயில் லண்டன் செயின்ட் பாங்கிராசில் இருந்து பாரிஸ் கார் து நோர் நிலையம் வரைக்கும் இரண்டே கால் மணி நேரம், லண்டனில் இருந்து மான்செஸ்டருக்குப் போகும் நேரம்தான். பிரெஞ்சுப் பொலிஸ் லண்டனிலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவதால் அந்தப் பக்கம் இறங்கினால் நேரே வெளியே நடக்கலாம். பத்து நிமிடம் நடந்தால் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பல், இடியப்பம் வாங்கலாம், நகைக்கடை பார்க்கலாம், தமிழில் சண்டை பிடிக்கலாம். அக்கா வீட்டுக்கு என்றால் அதே நிலையத்தில் ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் ஏறினால் பத்து நிமிடம் அளவில்தான். விலைதான் ஆளைக் கொல்லும். இரண்டு மூன்று மாதத்துக்கு முதல், செவ்வாய் புதன் என்று பார்த்து எடுத்தால் ஒரு வழிக்கு 50 பவுண்ட் அளவில் கிடைக்கும், வெள்ளி பின்னேரத்துக்குக் கடைசி நேரத்தில் தேடினால் 200ஐத் தாண்டும். அதாவது ரயில் விலை கூட என்று சொல்வதில் பாதி, நாங்கள் முடிவெடுக்கப் பிந்துவதன் விலை.

கோச் மலிவு. விக்டோரியாவில் இரவு ஏறினால் விடியக் காலையில் பாரிஸ், எட்டு ஒன்பது மணி நேரம். இருபதுகளில் சந்தோஷமாகப் போயிருக்கிறேன். இப்போது நடுச்சாமத்தில் டோவரில் எல்லோரையும் எழுப்பி இறக்கிப் பாஸ்போர்ட் பார்க்கும்போது முழங்கால் எனக்கு வேறு ஒரு கருத்தைச் சொல்கிறது. விமானம் என்றால் டிக்கெட் மலிவாக இருக்கும், விமான நிலையத்துக்குப் போகும் காசும் அங்கே இறங்கிப் பாரிசுக்குள் வரும் காசும் பெட்டிக் காசும் சேர்த்தால் ரயிலுக்குக் கிட்ட வந்துவிடும், நேரமும் கூட. குடும்பமாகப் போகும்போது மட்டும் கார்தான் சரி. ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் கலே, கட்டணம் காருக்குத்தான், ஆளுக்கு இல்லை, அதில் அஞ்சு பேர் இருந்தாலும் ஒரே காசு. பாரிசுக்குள் ஓடுவதற்கு 2025இல் புகைச் சான்று ஸ்டிக்கர் முன்கூட்டியே எடுக்க வேண்டியிருந்தது, பின்னால் ஒட்டியிருக்கும் பழைய ஜிபி எழுத்தும் செல்லாது, 2021இல் இருந்து யூகே என்று இருக்க வேண்டும்.

சாமான் கொண்டுபோவதிலும் ரயில் வெல்கிறது. திரவத்துக்கு நூறு மில்லி கட்டுப்பாடு இல்லை, ஒரு போத்தல் நல்லெண்ணெய் நிம்மதியாகப் போகும். ஆனால் எல்லாம் போகாது. இறைச்சியும் பாலில் செய்தவையும் பிரிட்டனில் இருந்து ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, 2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் லாரிச் சாரதிகளின் சாண்ட்விச்சையே அதிகாரிகள் பறித்த காட்சி டிவியில் வந்தது ஞாபகம் இருக்கும். ஆகவே மட்டன் ரோல்ஸ் இல்லை, நெய்ப் போத்தல் இல்லை. திரும்பும்போதும் 2025 ஏப்ரல் 12 முதல் கோமாரி நோய்க்குப் பயந்து இந்தப் பக்கமும் தடை, அக்கா தரும் சீஸை வாங்கிக்கொண்டு வர வழியில்லை. கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும், ஆனால் அந்தச் சான்று தேவைப்படாத ஐந்து பழங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், துரியன், பேரீச்சம்பழம். பிரசல்சில் இருந்து அந்தப் பட்டியலைப் போட்டவர் யாரோ எங்கள் ஊர்ப்பக்கம் வந்து போனவர்தான் என்று அத்தான் சத்தியம் பண்ணுவார். மீன் ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் கொண்டுபோகலாம், கருவாடும் அதற்குள் அடங்கும்.

மூன்றாவது வழி, லாப்டாப் விசா, அதாவது வேறு நாட்டில் இருந்துகொண்டு இங்குள்ள வேலையை இணையத்தில் செய்ய விடும் விசா. இதைப் பற்றி யூடியூபில் பார்த்தால் எல்லோரும் கடற்கரையில் இளநீரோடு இருக்கிறார்கள். ஸ்பெயின் 2023இல் தொடங்கியது, அந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தின் இரண்டு மடங்கு வருமானம் காட்ட வேண்டும், போர்த்துக்கலில் நாலு மடங்கு. வருமானம் காட்டலாம், பிரச்சினை மற்றது. வெளிநாட்டில் இருந்து வேலை செய்ய முதலாளி எழுதித் தர வேண்டும், என் இடத்தில் வருடத்துக்கு இருபது நாளுக்கு மேல் சம்மதிக்க மாட்டார்கள். வருடத்தில் 183 நாளைத் தாண்டினால் அந்த நாட்டு வரிக்காரர் உங்களைத் தேடுவார். பிரான்சில் அப்படி ஒரு விசாவே கிடையாது, அங்கே நீண்ட நாள் பார்வையாளராக இருப்பதென்றால் வேலை செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன், லிஸ்பனில் இருந்து பாரிஸ் ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு மேல், லண்டனில் இருந்து 340. அம்மாவுக்குக் கிட்டப் போவதற்காக நாலு மடங்கு தூரம் தள்ளிப் போவதா? வெயில் வேண்டும் என்பவருக்கு அது நல்ல விசா. எனக்கு வேண்டியது வெயில் இல்லை.

நாலாவது, பாஸ்போர்ட். இதில் அதிர்ஷ்டக்காரர் என்றால் என்னோடு வேலை செய்யும் லிவர்பூல்காரர். அவருடைய பாட்டி அயர்லாந்தில் பிறந்தவர், அந்த ஒரு பிறப்புச் சான்றிதழை வைத்து 278 யூரோ கட்டி வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைப் போட்டார், ஐரிஷ் பிரஜையானார், இப்போது எல்லையில் எங்களைத் தாண்டிக் கை காட்டிக்கொண்டு போகிறார். பாட்டி அங்கே பிறந்திருந்தால் போதும், பூட்டி என்றால் உங்கள் பெற்றோர் நீங்கள் பிறப்பதற்கு முதலே பதிந்திருக்க வேண்டும். என் பாட்டி பிறந்தது கரவெட்டியில். ஆகவே எனக்கு மிஞ்சுவது போய் இருந்து எடுக்கும் வழி. பிரிட்டிஷ்காரர் டப்ளினில் விசா இல்லாமல் இருக்கலாம், வேலை செய்யலாம், பிரெக்சிட் அதைத் தொடவில்லை. ஐந்து வருடம் கணக்கில் வந்ததும் விண்ணப்பத்துக்கு 175, சான்றிதழுக்கு 950 யூரோ கட்டி ஐரிஷ் பிரஜை ஆகலாம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையும் விடத் தேவையில்லை. 25 வயதில் தனி ஆளாக இருந்தால் நான் இதைத்தான் செய்திருப்பேன், இந்தப் பட்டியலில் எல்லாக் கதவையும் திறக்கும் சாவி இது ஒன்றுதான். இந்த வயதில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்றி, டப்ளின் வாடகை கட்டி, ஐந்து வருடம் கழித்து அம்மாவுக்கு 79 வயதாகும்போது பாரிஸ் எல்லையில் கெதியாகப் போகும் வரிசையில் நிற்பதற்காக? வேண்டாம்.

எங்கள் ஆட்களுக்குள் வேறு ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாலந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று அகதியாகப் போய், அந்த நாட்டுப் பிரஜையாகி, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக இரண்டாயிரங்களில் இங்கே வந்து இறங்கியவர்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு டச்சுக் குடும்பம், வீட்டுக்குள் பிள்ளைகள் டச்சில் சண்டை பிடிக்கும். அவர்கள் 2021க்குள் இங்கே நிரந்தர வதிவிடமும் எடுத்துவிட்டார்கள், கையில் ஐரோப்பியப் பாஸ்போர்ட்டும் இருக்கிறது. தயவு செய்து அவசரப்பட்டு பிரிட்டிஷ் பிரஜாவுரிமைக்குப் போடாதீர்கள். ஜெர்மனி 2024 ஜூனில் இருந்து இரண்டையும் வைத்திருக்க விடுகிறது, பிரான்சும் விடும், நெதர்லாந்துச் சட்டம் பொதுவாக விடாது, நீங்களாக இன்னொரு பிரஜாவுரிமை எடுத்தால் டச்சு போய்விடும். அந்தப் புத்தகத்தின் அருமை எங்களைப் போல இழந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

பிள்ளைகளுக்கு மட்டும் காலம் கொஞ்சம் இரங்குகிறது. 2025 மே மாதம் லண்டனில் நடந்த பேச்சில் இளைஞர்கள் அங்கேயும் இங்கேயும் போய் இருக்க ஒரு திட்டம் போடுவதாகச் சொன்னார்கள், மாணவர் பரிமாற்றமான எராஸ்முசில் 2027இல் பிரிட்டன் திரும்பவும் சேர்வதாகவும் முடிவாகியிருக்கிறது. மகனுக்கு அது உதவலாம். அவன் ஸ்பெயின் என்று சொல்கிறான், அக்கா பாரிஸ் என்று சொல்கிறார், அது அவர்களுக்குள் உள்ள பிரச்சினை.

ஆகவே நான் எடுத்த முடிவு, இரண்டு மாதத்துக்கு ஒரு தரம், செவ்வாய் போய் வெள்ளி திரும்புவது, ரயிலில், டிக்கெட் மூன்று மாதத்துக்கு முதலே. ஆறு தரம், போக வர சராசரி 130 பவுண்ட் என்று போட்டால் 780 வருகிறது, போன வருடம் நாங்கள் குடும்பமாகப் போன ஒரு கிழமை விடுமுறைச் செலவைவிடக் குறைவு. ஆறு தரம் நாலு நாள் என்றால் 24 நாள், லீவில் அவ்வளவையும் இதற்கே கொடுக்க முடியாது, நாலு நாளில் இரண்டை அக்கா வீட்டில் இருந்து வேலை செய்யலாமா என்று கேட்டேன், ஆபீஸ் அனுமதி தந்தாலும் சுற்றிப் பார்க்க வந்தவர் வேலை செய்வதைப் பற்றி பிரெஞ்சுச் சட்டம் வேறு மாதிரி நினைக்கும் என்பதால் அதை விட்டுவிட்டேன். நாலு பயணத்துக்கு முழு லீவு, மற்ற இரண்டும் பொது விடுமுறையோடு ஒட்டி, அந்த இரண்டுக்கு மட்டும் விலை கொஞ்சம் ஏறும். மனைவிக்கு இதில் மனத்தாங்கல் இல்லையா என்றால் இருக்கிறது, ஆவணியில் எல்லோருமாகக் காரில் போவதாக ஒத்துக்கொண்டு சமாளித்திருக்கிறேன். பாரிஸ் மாணிக்கப் பிள்ளையார் கோயில் தேரும் அந்த நேரம்தான் வரும்.

முதல் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அக்காவுக்குச் சொன்னபோது சரி என்றுவிட்டு உடனே கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியலை அனுப்பினார், மேலே உள்ள சட்டமெல்லாம் அவருக்கு அத்துப்படி, நெய் அதில் இல்லை. பெட்டியில் இப்போதைக்குக் கருவாடு இரண்டு கிலோ, நல்லெண்ணெய், மருமகளுக்கு இந்தத் தரம் கையோடு கொண்டுபோகும் சட்டை, அப்புறம் ஈஸ்ட் ஹாம் சந்தையில் ஏழு பவுண்டுக்கு வாங்கிய ஒரு போன் ஸ்டாண்ட். அதைக் குசினி மேசையில் வைத்தால் அம்மாவின் முகம் தெரியும் என்று போனில் சொன்னேன். "அதேன் தம்பி வீண் காசு, மேசை இருக்குத்தானே" என்றது கூரை.